கேட்கச் சொல்லிக்கொடுங்கள்: ஆட்டிசக் குழந்தைக்கு வீட்டிலேயே கற்றுத்தர முழுமையான வழிகாட்டி

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய், ஆட்டிசமும் மற்ற வளர்ச்சிக் குறைபாடுகளும் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது என் வேலை. கண்டனூர், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை, எங்கே போனாலும் முதல் நாளில் அம்மா கேட்பது ஒரே கேள்விதான்: "பேச்சு எப்ப வரும் டீச்சர்?" அடுத்தது அப்பத்தாவிடமிருந்து வரும்: "இந்த அடம் எப்பத்தான் நிக்கும்?"

இவை இரண்டும் ஒரே கேள்வி. தனக்கு வேண்டியதைக் கேட்க வழி தெரியாத பிள்ளை தலையைச் சுவரில் முட்டிக் கேட்கிறது, கையைக் கடித்துக் கேட்கிறது. வேறு வழி ஒன்றைக் கையில் கொடுத்தால் முட்டுவதும் கடிப்பதும் மெல்லக் குறைகின்றன. அதனால்தான் நிறம், எண், எழுத்து எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறேன். ஆட்டிசம் மட்டுமல்ல, அறிவுசார் குறைபாடு, டவுன் சிண்ட்ரோம், வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளுக்கும் இங்கே சொல்லும் படிகள் பொருந்தும்.

அரசுப் படிவங்களில் ஆட்டிசத்துக்கு 'புற உலகச் சிந்தனையற்ற நிலை' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர் எனக்கு ஒருபோதும் ஒப்பவில்லை. தெருமுனையில் திரும்பும் ஆட்டோவின் சத்தத்தை வைத்தே அப்பா வருகிறார் என்று தெரிந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தருகிறேன்.

இந்த முறை எங்கிருந்து வந்தது, எதை விட்டுவிட வேண்டும்

தெரபி சென்டர்களில் 'ஏ.பி.ஏ.' (Applied Behavior Analysis, நடத்தையை ஆராய்ந்து அதன்படி கற்பிக்கும் முறை) என்று சொல்வதுதான் இது. அடிப்படை எளிது. ஒரு செயலுக்குப் பிறகு உடனே என்ன நடக்கிறதோ, அதைப் பொறுத்து அந்தச் செயல் கூடும் அல்லது குறையும். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1930-களில் ஆய்வகத்தில் இதை விரிவாகக் காட்டினார். மனிதர்களின் அன்றாட வாழ்வில் இதை எப்படிப் பயன்படுத்துவது என்று டொனால்ட் பேர், மாண்ட்ரோஸ் உல்ஃப், டாட் ரிஸ்லி என்ற மூன்று ஆய்வாளர்கள் 1968-இல் வரையறுத்தார்கள். 1987-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஐவார் லோவாஸ் என்ற உளவியலாளர், 19 சிறு பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளுக்குமேல் பயிற்சி கொடுத்ததில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்தார்கள் என்று எழுதினார். 'வாரம் 40 மணி நேரம்' என்ற பேச்சு பரவியது அங்கிருந்துதான். அந்த ஆய்வில் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கவில்லை, அது பெரிய குறை. அதைவிடப் பெரிய குறை, அந்தக் காலத்துப் பயிற்சியில் அதட்டலும் அடியும் இருந்தன.

அடியை முழுக்க விட்டுவிட வேண்டும். அடி, சூடு, இருட்டறை, பட்டினி எதுவும் கற்பித்தல் ஆகாது. ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களான பலர், கண்ணைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதும் கையை உதறக்கூடாது என்று அடக்கியதும் எவ்வளவு வலித்தன என்று இன்று எழுதுகிறார்கள். நான் அவர்கள் பக்கம். கையை உதறுவதால் யாருக்கும் காயமில்லை என்றால் உதறட்டும். உங்கள் முகத்தைப் பார்க்காமலேயே நீங்கள் சொல்வதைக் கேட்கிற பிள்ளைகள் நிறைய உண்டு.

வாரம் 40 மணி நேரம் முடியாதே என்று மனம் உடைய வேண்டாம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளோடு செய்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. பெரிய நிபுணர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து பெற்றோருக்கு வழிகாட்டினார்கள். திட்டமிட்டது 12 அமர்வுகள்தான். பெற்றோர் பிள்ளையின் போக்கைக் கவனித்துப் பதில் தருவதும், பிள்ளை தானாகப் பேச்சைத் தொடங்குவதும் கூடின. அது ஏ.பி.ஏ. அல்ல, வேறு வகைப் பயிற்சி. ஆனாலும் நம் வீடுகளில் பெற்றோரால் முடியும் என்பதற்கு அது எனக்குப் பெரிய தெம்பு.

தொடங்குவதற்கு முன்

காது கேட்கிறதா என்று முதலில் பரிசோதியுங்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காதில் குறை இருக்கிறதா என்று பார்க்காமல் ஆட்டிசம் என்று முடிவு கட்டக்கூடாது. பல், வயிறு, மலச்சிக்கல், தூக்கம் எல்லாவற்றையும் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். டவுன் சிண்ட்ரோம் என்றால் தைராய்டும் இதயமும் பார்த்தாக வேண்டும். வலிப்பு வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வரட்டும், அப்புறம் தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். கீழே உள்ளவற்றைச் செய்ய எந்தச் சான்றும் தேவையில்லை.

முதல் படி: ஒரு வாரம் நோட்டு எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மூன்று கட்டமாகக் கோடு போடுங்கள். முதல் கட்டத்தில், அடம் தொடங்குவதற்குச் சற்று முன் என்ன நடந்தது. நடுவில், பிள்ளை என்ன செய்தது. கடைசியில், அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். மணியையும் குறியுங்கள். 'கோபப்பட்டான்' என்று எழுத வேண்டாம், 'தரையில் உட்கார்ந்து நெற்றியால் தூணை மூன்று முறை முட்டினான்' என்று எழுதுங்கள்.

கண்டனூரில் நாலு வயதுப் பையன் ஒருவன். நாள் பூராவும் அழுகிறான் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஒரு வாரத்தில் நோட்டில் 14 பதிவுகள் இருந்தன. அதில் 11, மாலை நாலிலிருந்து ஐந்துக்குள். மூன்றாவது கட்டத்தைப் பார்த்தால் ஏழெட்டு இடத்தில் 'அப்பத்தா தேன்குழல் கொடுத்தாங்க, நின்னுடுச்சு' என்று அம்மாவின் கையெழுத்து. தேன்குழல் டப்பா வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், பெரியவர்களுக்கே எட்டி எடுக்க வேண்டிய அடுக்கில் இருந்தது. பள்ளி விட்டு வந்த பிள்ளைக்குப் பசி. டப்பாவைக் கேட்க வாய் இல்லை. முட்டினால் கிடைக்கிறது என்று அவன் சரியாகவே கற்றுக்கொண்டிருந்தான்.

நோட்டைப் படிக்கும்போது நாலு காரணங்களைத் தேடுங்கள். ஒரு பொருள் வேண்டும். ஆள் வேண்டும், அதாவது யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும். ஒன்றிலிருந்து தப்பிக்க வேண்டும். நாலாவது, அந்தச் செயலே உடம்புக்கு இதமாக இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வளவில் (வீட்டின் நடு முற்றப் பகுதியில்) ஆத்தங்குடித் தரைக் கல்லில் கன்னத்தை வைத்துக் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். பங்குனி வெயிலிலும் அந்தக் கல் சில்லென்று இருக்கும். அது அடம் இல்லை, விட்டுவிடலாம்.

எந்தக் காரணத்துக்குள்ளும் அடங்காமல், திடீரென்று புதிதாகத் தொடங்கிய முட்டலும் கடியும் வலியாக இருக்கலாம். முதலில் பல்லையும் காதையும் பாருங்கள்.

இரண்டாம் படி: என்ன பிடிக்கும் என்று கண்டுபிடியுங்கள்

"இவனுக்கு எதுவுமே பிடிக்காது டீச்சர்" என்று சொல்லாத வீடு இல்லை. இரண்டு பொருளை இரண்டு கையில் நீட்டுங்கள். எதை எடுக்கிறதோ அதைக் குறித்துக்கொண்டு வேறு இரண்டை நீட்டுங்கள். பத்து நிமிடத்தில் ஒரு வரிசை கிடைத்துவிடும். தின்பண்டம் மட்டும் என்று நினைக்காதீர்கள். மேசை விசிறி சுற்றுவதைப் பார்ப்பது, தண்ணீர்க் குழாய், சாவிக்கொத்து, முதுகில் தூக்கிச் சுற்றுவது, எதுவும் இருக்கலாம். எங்கள் ஊர் வீடுகளில் பெரும்பாலும் முதலிடம் ஊஞ்சலுக்குத்தான்.

பிடித்த பொருளைக் கொடுக்கும் முறையில்தான் எல்லாமே இருக்கிறது. செய்தவுடனே, ஓரிரு நொடிக்குள் கொடுங்கள். கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரு முழு வெள்ளைப் பணியாரத்தைக் கொடுத்தால் பாடம் முடிந்துவிடும், எட்டாகப் பிட்டு வைத்தால் எட்டு முறை சொல்லித்தரலாம். கொடுக்கும்போது என்ன செய்ததற்காக என்று சொல்லுங்கள்: "அட, நீயே கை கழுவிட்ட!"

"இது லஞ்சம் இல்லையா?" என்று ஓர் ஐயா என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. அழுகை தொடங்கிய பிறகு "அழாதே, பிஸ்கட் தர்றேன்" என்றால் அது லஞ்சம், அழுகைக்குக் கூலி. அழுகை இல்லாத நேரத்தில், கற்றுக்கொண்ட ஒன்றுக்காகக் கொடுப்பது சம்பளம். அவரும் சம்பளம் வாங்கித்தான் முப்பது வருடம் வேலை பார்த்திருக்கிறார் என்று சொன்னதும் சிரித்துவிட்டார்.

மூன்றாம் படி: கேட்கச் சொல்லிக்கொடுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்கிறேன். மற்றப் பாடங்கள் ஆறு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

ஊஞ்சலிலிருந்து தொடங்கலாம். பிள்ளையை உட்காரவைத்து நாலு முறை தள்ளுங்கள். அப்புறம் சங்கிலியைப் பிடித்து நிறுத்துங்கள். எதுவும் பேசாமல், முகத்தில் எதிர்பார்ப்போடு ஐந்து எண்ணும் வரை காத்திருங்கள். பிள்ளை உடம்பை முன்னால் அசைக்கலாம், உங்கள் கையைத் தொடலாம், 'ம்' என்று ஒரு சத்தம் போடலாம். எதுவானாலும் சரி, அதுதான் இன்றைக்குக் கேள்வி. உடனே "தள்ளு!" என்று சொல்லித் தள்ளிவிடுங்கள். இரண்டு வாரம் போனால் அசைவு மட்டும் போதாது, ஒரு சத்தம் வேண்டும் என்று கொஞ்சம் ஏற்றுங்கள். அப்புறம் 'த'. பல மாதம் கழித்து 'தள்ளு' வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டாலும் உங்கள் கையைத் தொட்டுக் கேட்கிறதே, அது பேச்சுதான்.

சத்தமே வராத பிள்ளைக்குப் படம் கொடுங்கள். ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் 1985-இல் அமெரிக்காவின் டெலவேரில் உருவாக்கிய பட மாற்று முறையை 'பெக்ஸ்' என்பார்கள். மொத்தம் ஆறு கட்டம். முதல் கட்டத்தை மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீடுகளில் தப்பாகப் போவது அங்கேதான்.

பிள்ளைக்குப் பிடித்த அந்தப் பொருளையே, உங்கள் வீட்டு டப்பாவையே, போனில் படம் எடுங்கள். உள்ளங்கை அளவுக்குப் பிரிண்ட் போட்டு ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்துகொள்ளுங்கள். கண்டனூர்ப் பையனுக்குத் தேன்குழலைப் படமெடுத்தோம். முதல் நாள் இரண்டு பெரியவர்கள் வேண்டும். அம்மா அவன் எதிரே, கையில் தேன்குழல் துண்டோடு. நான் அவன் முதுகுப் பக்கம். நடுவில் தரையில் படம். அவன் தேன்குழலை எட்டப் பார்க்கிறான். அந்தக் கை நீளும் நொடியில் நான் பின்னாலிருந்து அவன் கையைப் படத்தின்மேல் கொண்டுபோய், எடுக்க உதவி, அம்மாவின் விரித்த உள்ளங்கையில் வைக்கச் செய்கிறேன். படம் கையில் விழுந்ததும் அம்மா "தேன்குழல்!" என்று சொல்லித் துண்டைக் கொடுக்கிறார்.

இதில் யாரும் "என்ன வேணும்?" என்று கேட்கக்கூடாது. "படத்தைக் குடு" என்றும் சொல்லக்கூடாது. நீங்கள் கேட்டால்தான் படத்தைக் கொடுக்க வேண்டும் என்று பிள்ளை கற்றுக்கொண்டுவிடும், தானாகத் தொடங்காது. பின்னால் இருப்பவரும் வாய் திறக்கக்கூடாது. அப்பத்தா தூண் ஓரத்தில் உட்கார்ந்து "குடுறா, குடுறா ராசா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரை எதிரே உட்காரவைத்து உள்ளங்கையை விரிக்கும் வேலையைக் கொடுத்தோம். கைக்கு வேலை வந்ததும் வாய்க்கு ஓய்வு கிடைத்தது.

என் கையின் உதவியை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைத்தேன். மணிக்கட்டு, முழங்கை, பிறகு தோளில் ஒரு விரல். நாலாம் நாள் மாலை அவனே படத்தை எடுத்து நீட்டினான். ஆறாம் நாள் சமையற்கட்டு வரை நடந்துபோய் அம்மாவின் சேலையை இழுத்துக் கையில் வைத்தான். அந்த மாலை தூணில் முட்டவில்லை.

படம் கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். படமோ சைகையோ பேச்சைத் தடுப்பதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. சில பிள்ளைகளுக்குப் படத்தோடு சேர்ந்து சொல்லும் வருகிறது.

பேச்சு வருகிற, ஆனால் நாம் சொன்னதையே திருப்பிச் சொல்லும் பிள்ளைகளுக்கு நம் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. "தண்ணி வேணுமா?" என்று நாம் கேட்டுக் கேட்டு, அது தாகம் எடுத்தால் "தண்ணி வேணுமா" என்று வந்து நிற்கும். அது கேள்வி இல்லை, அதன் வேண்டுகோள். அதனால் பிள்ளையின் வாயில் வர வேண்டிய வடிவத்திலேயே நீங்கள் சொல்லுங்கள்: "தண்ணி வேணும்". சொல்லிவிட்டுத் தண்ணீரைக் கொடுங்கள். கொஞ்ச நாளில் "தண்ணி..." என்று நிறுத்துங்கள், "வேணும்" என்று அது முடிக்கும். தெரபிக்காக வீட்டு மொழியை மாற்றி ஆங்கிலத்தில் பேச வேண்டியதில்லை. அப்பத்தாவும் ஐயாவும் பேசுகிற தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள், அவர்களும் பதில் சொல்ல முடியும்.

'வேணும்' வந்த பிறகு உடனே 'வேண்டாம்', 'போதும்' இரண்டையும் கற்றுக்கொடுங்கள். தப்பிப்பதற்காகக் கடிக்கும் பிள்ளைக்கு 'போதும்' படம்தான் மருந்து. அதை நீட்டினால் இரண்டு நிமிடம் ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். முதல் வாரம் பத்து தடவை நீட்டும். கொடுங்கள். நீட்டினால் வேலைக்காகும் என்று நம்பிக்கை வந்தபிறகுதான் "இன்னும் ஒண்ணு, அப்புறம் போதும்" என்று வேலையைக் கொஞ்சம் கூட்டலாம்.

நான்காம் படி: ஒரு வேலையைத் துண்டு துண்டாக

கை கழுவுவது நமக்கு ஒரு வேலை. பிள்ளைக்கு அது பத்து வேலை: குழாயைத் திற, நனை, சோப்பை எடு, தேய், சோப்பை வை, அலசு, குழாயை மூடு, துண்டை எடு, துடை, துண்டை மாட்டு. முதலில் நீங்களே ஒருமுறை மெதுவாகச் செய்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் குழாய் திருகுவதா, தூக்குவதா என்பதிலேயே படி மாறும்.

கடைசிப் படியிலிருந்து சொல்லித்தாருங்கள். முதல் ஒன்பது படியையும் நீங்கள் சேர்ந்து செய்துவிட்டு, துண்டை ஆணியில் மாட்டுவதை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். மாட்டியதும் பாராட்டு. அது நன்றாக வந்ததும் கடைசி இரண்டு, பிறகு மூன்று. இப்படிச் செய்தால் பிள்ளை ஒவ்வொரு நாளும் வேலையை முடித்த இடத்தில் நிற்கும், பாதியில் தடுமாறி நிற்காது. டிரவுசர் போடவும் இதே வழி: முழங்கால் வரை நீங்கள் ஏற்றுங்கள், இடுப்புக்கு இழுப்பது மட்டும் அதன் வேலை.

உதவும்போது வாயைக் குறைத்துக் கையைப் பயன்படுத்துங்கள். "சோப்பு எடு, எடு, எடு" என்று சொல்லிப் பழக்கினால், பத்து வயதிலும் நீங்கள் 'எடு' சொன்னால்தான் எடுக்கும். சொல்லால் செய்யும் உதவியை விலக்குவதுதான் எல்லாவற்றிலும் கடினம். பின்னாலிருந்து லேசாகக் கைபிடித்துக் காட்டுங்கள், அப்புறம் தொடாமல் சுட்டிக்காட்டுங்கள், அப்புறம் மூன்று நொடி காத்திருங்கள். கையைப் பிடித்தால் பிள்ளை இழுத்துக்கொள்கிறதா, விட்டுவிடுங்கள். நீங்கள் செய்து காட்டுங்கள், பார்த்துச் செய்யட்டும்.

உட்கார்ந்து படிக்கும் பாடம்

நிறம், பெயர், எண் இவற்றுக்கு ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், நாளைக்கு மூன்று முறை. ஒரு சுருக்கமான சொல், பிள்ளையின் பதில், உடனே பாராட்டு, ஒரு சிறு இடைவெளி, மறுபடியும். தொடக்கத்தில் தப்பே வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். "சிவப்பு எது?" என்றதும் நீங்களே சிவப்பைச் சுட்டிவிடுங்கள், பிறகு சுட்டுவதைத் தாமதப்படுத்துங்கள். தெரிந்த மூன்று கேள்விக்கு நடுவே தெரியாத ஒன்று, அந்த விகிதம் நன்றாக வேலை செய்கிறது.

வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த தப்பு ஒன்று இன்னும் உறுத்துகிறது. ஒரு பெண் பிள்ளைக்கு மூன்று வாரம் சிவப்பு அட்டையை வைத்தே சிவப்பு சொல்லிக்கொடுத்தேன். பத்துக்குப் பத்து சரி. அவள் அம்மா அன்று சிவப்புக் கண்டாங்கி கட்டியிருந்தார். "சிவப்பு எது?" என்று சேலையைக் காட்டினால் அவள் அட்டையைத் தேடினாள். அவளுக்குச் சிவப்பு என்பது அந்த அட்டையின் பெயர். அன்றிலிருந்து முதல் நாளே ஐந்து சிவப்பு வைக்கிறேன்: ஓலைக் கொட்டான், தக்காளி, வாளி, குங்குமச் சிமிழ், சேலை. சொல்லித்தரும் ஆளையும் இடத்தையும்கூட மாற்றுங்கள். அம்மாவிடம் மட்டும் வரும் பாடம் பாதிப் பாடம்தான்.

அடம் வரும்போது

நோட்டில் காரணம் தெரிந்துவிட்டது, கேட்க வேறு வழியும் கொடுத்துவிட்டோம். இனி அடத்துக்குக் கூலி கொடுக்கக்கூடாது. முட்டினால் தேன்குழல் வராது, படம் நீட்டினால் உடனே வரும். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். கேட்க வழி கொடுக்காமல் அடத்தை மட்டும் கண்டுகொள்ளாமல் விடுவது கொடுமை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கூலி நின்றவுடன் அடம் முதலில் கூடும். இதுவரை பத்து நிமிடம் அழுத பிள்ளை அரை மணி அழலாம். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ஆச்சி வந்து "பாவம், கொடுத்துருங்களேன்" என்பார். கொடுத்தால், அரை மணி அழுதால்தான் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். அதனால் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நிற்க முடியும் என்று உறுதியான பிறகு தொடங்குங்கள். கல்யாணம், திருவிழா, விருந்தாளி வரும் வாரம் வேண்டாம். பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறது, ரத்தம் வருகிறது என்றால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள், உளவியலாளர் கூட இருக்க வேண்டும். நெற்றிக்கும் தூணுக்கும் நடுவே தலையணையை வைப்பது கூலி ஆகாது, அது பாதுகாப்பு.

சத்தத்தாலும் கூட்டத்தாலும் மனம் தளும்பி உடைந்துபோகும் அழுகை வேறு வகை. அங்கே எதையும் சொல்லித்தர முடியாது. சத்தமில்லாத இடத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருங்கள்.

'நில்': உயிர் காக்கும் பாடம்

எங்கள் பக்கத்து வீடுகளின் அமைப்பு பலருக்குத் தெரியும். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும்போது பிள்ளை பின்கட்டு வழியாக இறங்கிப் போய்விடும். ஊருக்கு ஊர் ஊருணி. ஆட்டிசப் பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் உயிர். வீட்டைவிட்டு வெளியேறிப்போகும் ஆட்டிசப் பிள்ளைகளின் சாவுக்கு நீரில் மூழ்குவதே முதல் காரணம் என்று அமெரிக்கப் பதிவுகள் காட்டுகின்றன. எனக்கு இந்தப் பாடத்தில் தூக்கம் கெட்ட இரவுகள் உண்டு.

இரண்டு கதவுக்கும் பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். கழுத்திலோ கையிலோ பெயரும் போன் எண்ணும் உள்ள பட்டை இருக்கட்டும். தெருவில் உள்ளவர்களிடம், ஊருணிக் கரையில் துவைப்பவர்களிடம், பிள்ளையைக் காட்டி வையுங்கள். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. காணாமல் போனால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள், தெருவில் தேடுவது அப்புறம்.

பிறகு 'நில்' சொல்லிக்கொடுங்கள். வளவுத் தரையின் பூப்போட்ட கற்களே போதும். பிள்ளையின் கையைப் பிடித்துக் கல் கல்லாக நடங்கள். ஏதாவது ஒரு பூவில் "நில்!" என்று சொல்லி நீங்களும் சட்டென்று நின்றுவிடுங்கள். நின்றதும் தூக்கிச் சுற்றுங்கள், அதற்கு எது பிடிக்குமோ அது. நாளைக்கு இருபது முறை, விளையாட்டாக. பிறகு கையை விட்டு, இரண்டடி தள்ளி, முதுகுப் பக்கமிருந்து சொல்லுங்கள். வளவில் தேறியதும் முகப்பு, திண்ணை, தெரு. கடைசியில், கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஊருணிக் கரை. 'நில்' என்ற சொல்லைத் திட்டுவதற்கு யாரும் பயன்படுத்தக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பாடம் தேறிவிட்டது என்று தாழ்ப்பாளைக் கழற்றவும் கூடாது.

வீடும் திருவிழாவும்

அடுத்து என்ன என்று தெரியாததுதான் பல பிள்ளைகளுக்குப் பெரிய பயம். உளவியலாளர் எரிக் ஷாப்லர் தொடங்கிய, அமெரிக்காவின் வட கரோலைனாவில் 1972 முதல் மாநிலம் முழுக்க நடக்கும் 'டீச்' (TEACCH) என்ற ஆட்டிசத் திட்டம் படங்களால் ஆன நேர அட்டவணையைப் பெரிதும் நம்புகிறது. சுவரில் நாலு படம் போதும்: குளியல், இட்லி, வேன், பள்ளி. முடிந்த படத்தைப் பிள்ளையே கழற்றிக் கொட்டானில் போடட்டும்.

'முதலில் இது, அப்புறம் அது' என்பதை உளவியலாளர் டேவிட் பிரிமாக் 1959-இல் ஆய்வாக எழுதினார். "குளிச்சுட்டு வா, அப்புறம் பணியாரம்" என்று எந்த அப்பத்தாவும் அதற்கு முன்பே சொல்லியிருப்பார். அதைப் படமாக இரண்டு கட்டத்தில் காட்டினால் போதும்.

பெரிய வீடுகளில் பட்டாலைக் கூடமும் வளவும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். பாடத்துக்குச் சிறிய அறையே நல்லது. குன்றக்குடிக்கோ பிள்ளையார்பட்டிக்கோ திருவிழாவுக்குப் போவதென்றால் கூட்டமில்லாத நாளில் ஒருமுறை கூட்டிப்போங்கள். விழா நாளில் காதை மூடும் ஹெட்போன், 'போதும்' படம், பத்து நிமிடம். அழுவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

கணக்கு வையுங்கள்

பத்து புளியங்கொட்டையை இடது கொட்டானில் போடுங்கள். உதவியில்லாமல் சரியாகச் செய்தால் ஒன்று வலது கொட்டானுக்கு. பத்து முடிந்ததும் வலதில் எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். மூன்று நாள் தொடர்ந்து எட்டுக்குமேல் வந்தால் அடுத்த படி. ஒரு வாரம் மூன்றுக்குமேல் நகரவில்லை என்றால் படி பெரிதாக இருக்கிறது, இன்னும் இரண்டாக உடையுங்கள். பிள்ளைமேல் குறை இல்லை. எதையும் வாயில் போடும் பிள்ளை என்றால் கொட்டைகள் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

எங்கே போய்க் கேட்பது

பிறந்தது முதல் 18 வயது வரை இலவசமாகப் பரிசோதித்து வழிகாட்ட மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன, சிவகங்கை அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். பள்ளி வயது என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வித் துறை இருக்கிறது. விரிவான மதிப்பீட்டுக்குச் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் நடக்கிறது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. 40 சதவீதமும் அதற்குமேலும் பாதிப்பு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பள்ளி "இங்கே சேர்க்க மாட்டோம்" என்று சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிரமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். உதவித்தொகை, அடையாள அட்டை பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

'முழுக்கக் குணமாக்குகிறோம்' என்று சொல்லும் யாருக்கும் பணம் கட்டாதீர்கள். உடலிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று ஊசி போட்டதில் 2005-இல் பென்சில்வேனியாவில் 5 வயது ஆட்டிசப் பையன் ஒருவன் இறந்தான். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

எந்த மையத்துக்குப் போனாலும் அந்த நாற்பது பக்க நோட்டைக் கையில் கொண்டுபோங்கள். பிள்ளை அழுத வீடியோ ஒன்று, கேட்ட வீடியோ ஒன்று, இரண்டும் போனில் அரை அரை நிமிடம் இருக்கட்டும். டாக்டர் அறையில் புது இடம் பார்த்து மிரண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைவிட, வீட்டில் சேலையை இழுத்துப் படத்தைக் கையில் வைக்கிற பிள்ளையை அவர்கள் பார்க்க வேண்டும்.